லோரிக்கு ஊற்றிய மஞ்சள் தண்ணீர்

ஆறாம் வகுப்போடு நின்றுபோன கை இது. எழுத்து கோணலாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். போன மாதம் நம் தோட்டத்துப் பிள்ளைகள் எல்லாரும் கூடியபோது ஆளுக்கொரு கதை சொன்னீர்கள். என் முறை வந்ததும் தேத்தண்ணீர் ஊற்றப் போகிறவள் மாதிரி எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன். கூட்டத்தில் எனக்கு வாய் திறக்காது, உங்களுக்குத் தெரியும். அதனால் எழுதித் தருகிறேன். முன்னது பின்னதாக வரலாம். மறந்த இடத்தில் நானே எதையாவது இட்டு நிரப்பியும் இருக்கலாம்.

சொல்ல நினைத்தது நம் கொழுந்து லோரியைப் பற்றி. மேட்டு மலையிலிருந்து ஃபேக்டரிக்குத் தேயிலைக் கொழுந்துச் சாக்கு இறக்குமே, அந்த லோரி. அதன் அருகில் போனாலே ஒரு வாசம் வரும். நசுங்கிய கொழுந்து, டீசல், நனைந்த சாக்கு, எல்லாம் சேர்ந்த வாசம். இன்றைக்கும் மழையில் நனைந்த சாக்கைக் கண்டால் நான் நின்று மோந்து பார்க்கிறேன். பேரப்பிள்ளைகள் சிரிக்கிறார்கள்.

அதை ஓட்டியது என் அப்பா. லோரிக்கு முன்னால் அவர் செடிக்குப் பூச்சிமருந்தடிக்கிற கும்பலில் இருந்தார். முதுகில் மருந்து நிரப்பிய தகரத் தோம்பு, மூக்கில் ஒரு கிழிசல் துணி. சாயங்காலம் வந்தால் சட்டையை வாசலிலேயே கழற்றிப் போடுவார். எங்களைக் கிட்டே வரவிட மாட்டார். படுத்தால் அவர் நெஞ்சு இழுக்கிற சத்தம் லயத்தில் பலகைச் சுவருக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்கும் கேட்கும். பழைய டிரைவர் மகனோடு ஈப்போவுக்குப் போய்விட்டார், அப்பாவுக்கு லோரி கிடைத்தது. கொஞ்ச மாதத்தில் அந்த இழுப்பு நின்றுபோனது. அதனால் எங்கள் வீட்டில் லோரியைப் பற்றிப் பேசுவதும் அப்பாவின் நெஞ்சைப் பற்றிப் பேசுவதும் ஒன்றுதான்.

நடந்தது எழுபதுகளில், ஓர் ஆயுத பூசையின்போது. நான் நாலாம் வகுப்போ ஐந்தாம் வகுப்போ.

பூசைக்கு முதல் நாள் பிள்ளைகள் நாம்தான் ஓடையில் வாளி மொண்டு லோரியைக் கழுவுவோம், ஞாபகம் இருக்கிறதா? விரல் விறைத்துப்போய் எது யார் விரல் என்றே தெரியாது. செவ்வந்திப் பூ பிரிஞ்சாங் பூத்தோட்டங்களிலிருந்து கூடை கூடையாக வரும். வேப்பிலைக்குத்தான் தவிப்பு. நம் குளிருக்கு வேம்பு வராது. கீழே தாப்பாவிலிருந்து வருகிற காய்கறி லோரிக்காரர்கள் மனசு வைத்தால் ஒரு கொப்பு கிடைக்கும். அந்த வருசம் கிடைத்தது. ஃபேக்டரி முற்றத்தில் லோரியை நிறுத்திப் பொட்டு வைத்து மாலை போட்டார்கள். அம்மா பித்தளைக் குடத்தில் மஞ்சள் கரைத்து வைத்திருந்தாள். அதை வேப்பிலையால் தொட்டு எல்லார் மேலும், மெசின்கள் மேலும், லோரி மேலும் தெளித்தது போக அரைக் குடம் மிச்சம்.

அந்தத் தண்ணீரைக் கால் படுகிற இடத்தில் கொட்டக் கூடாது. ஏதாவது செடிக்கு ஊற்ற வேண்டும். முற்றமோ முழுக்கச் சிமெண்டு, சுற்றிலும் சனம். குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அம்மா திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்து அப்பா லோரியின் முன் மூடியைத் தூக்கி, ரேடியேட்டர் வாயைத் திறந்துவிட்டு, கொஞ்சம் தண்ணீர் கொண்டா என்றார். அம்மாவுக்கு இதைவிடக் கால் படாத இடம் எங்கே கிடைக்கும்? பயபக்தியோடு மொத்தத்தையும் அதற்குள் ஊற்றிவிட்டாள். அப்பா பார்த்தார். சிரித்தார். லோரிக்கும் குளிர்ச்சிதானே என்று சொன்னதாக ஞாபகம்.

அதற்குச் சில நாள் கழித்து, மேட்டு மலையிலிருந்து நிறைசாக்கோடு இறங்கிவந்து எதிர் ஏற்றத்தில் ஏறும்போது லோரியின் மூக்கிலிருந்து புகை கிளம்பியது. புகை இல்லை, ஆவி. பள்ளிக்கூடம் விட்டு நானும் அந்தப் பாதையில்தான் வந்துகொண்டிருந்தேன். மூடியைத் திறந்ததும் அது வெள்ளையாகப் பொங்கி மூடுபனியோடு கலந்தது. அதில் ஒரு வாசம். சடங்கு வீட்டுக் குளியலறை வாசம். கொழுந்து எடுத்துவிட்டு வந்த பெண்கள் எல்லாரும் நின்று மூக்கை உறிஞ்சினார்கள்.

"என்னாடி இது, லோரிக்குத் தலைக்குத் தண்ணி ஊத்துறாங்களா?" என்றாள் எதிர்வீட்டு அத்தை.

"வயசுக்கு வந்துருச்சுலா," என்றாள் இன்னொருத்தி. "தாய்மாமன் யாருன்னு கேட்டு வெய்யிங்க. சீரு கொண்டாரணும்ல."

பாதை முழுக்கச் சிரிப்பு. அம்மாவும் முக்காட்டுக்குள் சிரித்தாள். ஓடைத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார்கள், திரும்பவும் கொதித்தது. இன்னொரு தடவை ஊற்றினார்கள், இன்னொரு தடவையும் கொதித்தது. அப்புறம் யாரும் சிரிக்கவில்லை.

ஃபேக்டரி டிராக்டரால் லோரியை இழுத்துவந்து தகரக் கொட்டகையில் விட்டார்கள். தோட்ட ஆபீஸ் கணக்குப் பார்க்கிற கிராணி வந்தார். வெள்ளைச் சட்டை, மடித்துவிட்ட கை. ஆவியை மோந்து பார்த்துவிட்டு, இதில் என்ன ஊற்றினீர்கள் என்று கேட்டார். அப்பா வாய் திறப்பதற்குள் நாலு பேர் சொல்லிவிட்டார்கள்.

"மெசினுன்னா சாமி செலையா?" என்றார் கிராணி. "மஞ்ச போயி உள்ள அடைச்சிருக்கு. துரை பினாங்குலேருந்து வர்றதுக்குள்ள லோரி மேட்டுக்கு ஏறணும். ஏறல, நீ பழையபடி தோம்பத் தூக்கு. லோரிக்கு வேற ஆளு நான் பாத்துக்கறேன்."

அப்பா சரிங்க என்றார். அம்மா என் கையைப் பிடித்திருந்தாள். பிடி இறுகியது இன்னும் நினைவிருக்கிறது.

சாக்கில் அடைத்த கொழுந்து எவ்வளவு சீக்கிரம் சூடேறும் என்று இப்போதுள்ள பிள்ளைகளுக்குத் தெரியாது. கையை உள்ளே விட்டால் காய்ச்சல்காரர் அக்குளில் கை வைத்த மாதிரி இருக்கும். அப்படியே விட்டால் சிவந்து கெட்டுவிடும். லோரி இல்லாததால் பெண்கள் சாக்கைத் தலையில் வைத்து மேட்டிலிருந்து நடந்தே இறக்கினார்கள். மழை வேறு. ஒவ்வொரு சாக்கும் எங்கள் வாசலைத் தாண்டித்தான் போகும். போகிறபோது ஒரு வார்த்தை விழும். பக்தி முத்திப்போச்சு என்பார்கள். புருசன் பொழப்பை மஞ்சளில் கரைச்சுட்டா என்பார்கள். அம்மாவும் சாக்குச் சுமந்தாள், எல்லாருக்கும் பின்னால், தனியாக.

வீட்டில் அப்பா அம்மாவோடு பேசுவதை நிறுத்திவிட்டார். திட்டியிருந்தால் தேவலை. இரண்டு பேருக்கும் நடுவில் நான்தான் தபால். உங்கப்பாவைச் சாப்பிடச் சொல்லு என்பாள் அம்மா. பசிக்கலன்னு உங்கம்மாகிட்ட சொல்லு என்பார் அப்பா. ஒரே அறை, மூன்று பேரும் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருப்போம். ஆனாலும் நான் எழுந்து போய்ச் சொல்லிவிட்டுத் திரும்பி வருவேன். அப்பா அம்மாமேல் கோபமாக இருக்கிறார் என்றுதான் நான் நினைத்தேன். அம்மாவும் அப்படித்தான் நினைத்தாள். லயமே அப்படித்தான் நினைத்தது.

ஃபேக்டரி ஃபிட்டரை நாம் எல்லாரும் மாமா என்போம். அவரும் கிராணி சொன்னதைத்தான் சொன்னார். ரேடியேட்டரைக் கழற்றிக் கழுவிக் கழுவி ஊற்றினார். மஞ்சள் எல்லாம் போய்த் தெளிந்த தண்ணீர் வந்துவிட்டது. மாட்டிப் பார்த்தால் லோரி மறுபடியும் கொதிக்கிறது. பீடியை வாயில் வைத்துக்கொண்டு பற்றவைக்காமலே உட்கார்ந்துவிட்டார்.

அன்றைக்குச் சாயங்காலம் அம்மா ஒரு கொட்டாங்கச்சியில் அடுப்புச் சாம்பலும் ஒரு பிடி தேங்காய் நாரும் எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனாள். நானும் போனேன். லோரியில் மஞ்சள் கறை இருக்கிற வரைக்கும் போகிறவர் வருகிறவர் எல்லாரும் பார்ப்பார்கள், தேய்த்துவிடுகிறேன் என்றாள். அவளுக்குத் தெரிந்த பரிகாரம் அது ஒன்றுதான். அப்பா ஒரு டீசல் பீப்பாயின் மேல் உட்கார்ந்து வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா ரேடியேட்டர் வாயைத் தேய்த்தாள், மேல் பக்கத்தைத் தேய்த்தாள். பிறகு குனிந்தவள் கையை நிறுத்திவிட்டாள்.

"அண்ணே," என்று ஃபிட்டர் மாமாவைக் கூப்பிட்டாள். "நான் ஊத்துனது அந்தப் பக்கம், மேல. இங்க எப்படிண்ணே மஞ்சளா இருக்கு?"

மாமா எட்டிப் பார்த்தார். காற்றாடிக்குப் பின்னால் வாட்டர் பம்பு இருக்கிறதே, ரேடியேட்டர் தண்ணீரை இஞ்சினுக்குள் சுற்றிவிடுகிற பம்பு, அதன் அடிவயிற்றில் ஒரு சின்னத் துளை. அந்தத் துளையிலிருந்து கீழே வரைக்கும் ஒரு மஞ்சள் கோடு, விரலால் இழுத்துவிட்ட மாதிரி.

"தேய்க்காதீங்க தங்கச்சி," என்றார் மாமா. "கைய எடுங்க."

காற்றாடியை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினார். ஆடக்கூடாதது ஆடியது. லொடக் லொடக் என்று உள்ளே சத்தம். பம்புக்குள் இருக்கிற பேரிங் தேய்ந்து, தண்ணீர் அந்தத் துளை வழியாக ஒழுகியிருக்கிறது. உள்ளே கசிந்தால் வெளியே தெரியட்டும் என்றுதான் அந்தத் துளையை வைப்பார்களாம். வெறும் தண்ணீர் ஒழுகியிருந்தால் நம் மழையில் யார் கண்டுபிடிப்பது? லோரி எப்போதும் நனைந்துதானே கிடக்கும்.

மாமா அப்பாவைப் பார்த்துக் கேட்டார்: "கிரீச்சுன்னு சத்தம் கேட்டிருக்குமே. கேக்கலியா?"

அப்பா பீப்பாயிலிருந்து இறங்கி நின்றார். "கேட்டுச்சு," என்றார். "பூசைக்கு ரொம்ப முன்னாடியே கேட்டுச்சு. ஃபேன் பெல்ட்டுன்னு நெனச்சு சவுக்காரம் தேச்சேன்."

எங்கள் வீட்டில் துணி துவைக்கிற சவுக்காரக் கட்டி பாதிக்குப் பாதி காணாமல் போய், நான்தான் ஓடையில் விட்டுவிட்டேன் என்று அம்மாவிடம் அடி வாங்கியிருந்தேன். அம்மா என்னைப் பார்த்தாள். அப்புறம் அப்பாவைப் பார்த்தாள். சாம்பல் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

கிராணியைக் கூட்டிவந்து காட்டினார்கள். அவரும் காற்றாடியை ஆட்டிப் பார்த்தார். மஞ்சளைப் பற்றி மூச்சு விடவில்லை. ஆபீசுக்குப் போய் ஈப்போவுக்கு டெலிபோன் போட்டார். மளிகைச் சாமான் ஏற்றி வருகிற லோரியில் புதுப் பம்பு வந்து சேர்ந்தது. துரை வருவதற்கு இன்னும் ஒரு பகல்தான் என்றார்கள்.

அத்தோடு முடிந்திருந்தால் நான் எழுதவே வேண்டியதில்லை. பழைய பம்பைக் கழற்றும்போது ஒரு போல்ட்டு அசைய மாட்டேன் என்றது. எத்தனை வருசத்துத் துருவோ. ஃபிட்டர் மாமாவுக்கு அவசரம். ஸ்பேனருக்குள் ஒரு பைப்பைச் செருகி, முழு உடம்பையும் போட்டு இழுத்தார். நொறுக்கென்று விட்டுக்கொடுத்தது. வெளியே வந்த போல்ட்டில் சாம்பல் நிறத்தில் சுருள் சுருளாக என்னவோ ஒட்டியிருந்தது, தேங்காய்த் துருவல் மாதிரி. துளைக்குள் இருந்த மரைதான் அது. போல்ட்டு சுற்றிச் சுற்றி ஏறுகிற வரிப் பள்ளத்தை மரை என்பார்கள். அது மொத்தமும் உரிந்து வந்துவிட்டது. இனி அந்தத் துளையில் எந்தப் போல்ட்டை முறுக்கினாலும் வழுக்கிக்கொண்டு சுற்றும். பம்பு புதிதாக இருந்து என்ன செய்ய, பிடித்து நிற்க வேண்டாமா?

மாமா அந்தப் போல்ட்டை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அம்மாவிடம், "இதுக்கு மஞ்சத்தண்ணி காரணமில்ல தங்கச்சி. இது என் கை," என்றார்.

அப்பா போல்ட்டை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பிரிஞ்சாங்குக்குக் கிளம்பினார். அப்பா சாப்பிடுகிறாரா என்று பார்த்துக்கொள்ள அம்மா சோற்றைக் கட்டி என்னையும் கூட அனுப்பினாள். கோலா தெர்லாவிலிருந்து வந்த முட்டைக்கோஸ் லோரி ஒன்றை நிறுத்தி ஏறினோம். வழியெல்லாம் அப்பா அந்தப் போல்ட்டைப் பையில் தடவிக்கொண்டே வந்தார். சோற்றை நான் மடியில் வைத்திருந்தேன், அது சூடு ஆறிப்போனது.

பசாருக்குப் பின்னால் ஒரு சீன முதலாளியின் பட்டறை, தவுக்கே என்போம். ஒல்லியான மனிதர், கண்ணாடியை நெற்றியில் ஏற்றியிருந்தார். நம்மோடு பழகிப் பழகித் தமிழ் பேசுவார். அப்பா தரையைப் பார்த்தபடி மஞ்சள் தண்ணீரையும் சேர்த்து நடந்தது எல்லாவற்றையும் சொன்னார். தவுக்கே போல்ட்டை மோந்து பார்த்தார்.

"அண்ணே, லோரில மீன் கறி வெச்சீங்களா லா?" என்றார்.

அப்பா சிரித்தார். எத்தனையோ நாளைக்கு அப்புறம் அதுதான் முதல் சிரிப்பு. எனக்கு அழுகை வந்துவிட்டது. பட்டறைத் தூசி கண்ணில் விழுந்தது என்று சொல்லிவிட்டேன்.

தவுக்கே வழி சொன்னார். பழைய துளையைக் கொஞ்சம் பெரிதாகக் குடைய வேண்டும். அதில் புதிதாக மரை வெட்டி, ஓர் அளவு தடித்த போல்ட்டைப் போட வேண்டும். பம்பின் காதில் இருக்கிற ஓட்டையையும் அதற்குத் தக்கபடி அரத்தால் பெரிதாக்கிக்கொள்ளலாம். மரை வெட்டுகிற ஆணியை ஓர் எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். வேலை முடிந்ததும் கொண்டுவந்து கொடுத்தால் போதும் என்றார்.

"முன்னுக்குப் பாதி, பின்னுக்குக் கொஞ்சம். பெலான் பெலான், மெதுவா," என்று கையைத் திருகிக் காட்டினார். "இது உள்ள ஒடஞ்சா, அப்புறம் லோரில நீங்க கோழி வளக்கலாம். தூளு உள்ள விழக் கூடாது. நெறைய கிரீஸ் பூசு."

மறுநாள் காலையில் கொட்டகையில் சனம். எல்லாரும் ஆளுக்கொரு வேலை இருப்பது போல அந்தப் பக்கமாக வந்தார்கள். எதிர்வீட்டு அத்தை வெறும் கூடையோடு தூண் ஓரம் நின்றாள். மாமா துளையைக் குடைந்து முடித்தார். கிரீஸ் டப்பாவைத் திறந்தவர் முகத்தைச் சுளித்தார். யாரோ மூடாமல் விட்டதில் ஃபேக்டரித் தூசி எல்லாம் அதில் படிந்துகிடந்தது. இதில் பாதி தேயிலைத்தூள், இதைப் பூசினால் ஆணி சிக்கிக்கொள்ளும் என்றார். ஊற்றுகிற எண்ணெய் இருந்தது, அது வழிந்து ஓடிவிடும். தூளைப் பிடித்துவைக்காது.

அப்பா நிமிர்ந்து பார்த்தார். கூட்டத்துக்குப் பின்னால் நின்ற அம்மாவை.

"வீட்ல தேங்காண்ண கட்டியா ஒறைஞ்சிருக்கும்ல," என்றார். "கொண்டாயேன் புள்ள."

அம்மா பழக்கத்தில் என் முகத்தைப் பார்த்தாள், நான் வந்து சொல்வேன் என்று. நானும் ஒரு அடி எடுத்துவைத்துவிட்டேன். அதற்குள் அவளுக்குப் புரிந்துவிட்டது. ஓடினாள். அவள் ஓடி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

நம் குளிரில் தேங்காய் எண்ணெய் போத்தலுக்குள் வெள்ளைக் கல்லாகக் கிடக்குமே. காலையில் அடுப்போரம் வைத்து உருக்கித்தான் தலை வாருவோம். அம்மா அதை உருக்காமல் கொண்டுவந்து, ஓர் ஈர்க்குச்சியால் தோண்டித் தோண்டி ஆணியின் பள்ளத்தில் அப்பிக் கொடுத்தாள். மாமா திருகினார். பாதி முன்னுக்கு, கொஞ்சம் பின்னுக்கு. வெளியே எடுத்தால் வெள்ளை எண்ணெயில் கருப்பாக இரும்புத் தூள் ஒட்டிக்கொண்டு வரும். அம்மா துணியால் துடைத்துவிட்டுப் புதிதாக அப்புவாள். ஆணி கிர் கிர் என்று போகிற சத்தம் மட்டும். லோரி இஞ்சினிலிருந்து தலை வாரிய பெண்ணின் வாசம் வந்தது.

பம்பை வைத்து, போல்ட்டை விரலால் ஏற்றினார் மாமா. அது வழுக்காமல், சொன்ன பேச்சுக் கேட்கிற பிள்ளை மாதிரி உள்ளே போனது. கடைசி முறுக்குக்கு ஸ்பேனரை அப்பாவிடம் கொடுத்துவிட்டார். என் கைக்குப் புத்தி போதாது, நீயே முறுக்கு என்றார். அப்பா பைப்பு எதுவும் போடாமல், வெறும் கையால், பிடித்து நின்றதும் நிறுத்திவிட்டார்.

ஓடைத் தண்ணீர் ஊற்றி லோரியை முடுக்கினார்கள். இஞ்சின் சூடாகிற வரைக்கும் காத்திருந்தோம். கிராணியும் வந்து நின்றார். ஆவி வரவில்லை. கிரீச்சுச் சத்தமும் இல்லை. அப்பா பம்புக்கு அடியில் கையை நீட்டி, எடுத்து எல்லாருக்கும் விரித்துக் காட்டினார். காய்ந்த கை. மாமா தொட்டுப் பார்த்தார். கிராணியும் வெள்ளைச் சட்டைக் கையை இன்னும் மேலே ஏற்றிவிட்டுத் தானே கையை விட்டுப் பார்த்தார்.

"சரி, மேட்டுல கொழுந்து கெடக்கு. எடுத்துட்டுப் போ," என்றார் அப்பாவிடம். அவ்வளவுதான். தோம்பு என்ற பேச்சு அதற்கப்புறம் எங்கள் வீட்டுக்குள் வரவேயில்லை. துரை வந்தபோது லோரி மேட்டில் இருந்தது.

இந்த வயதில்தான் எனக்கு ஒன்று தெரிகிறது. அந்த நாட்களில் அப்பா அம்மாமேல் கோபமாக இருந்ததே இல்லை. அந்தக் கிரீச்சுச் சத்தம் அவர் மண்டைக்குள் கேட்டுக்கொண்டே இருந்திருக்கும். அம்மா பழி சுமந்து சாக்குக்குப் பின்னால் நடந்ததைப் பார்த்துக்கொண்டு, ஒருவேளை மஞ்சளாகவே இருக்கட்டும் என்றுகூட நினைத்திருப்பார். பயந்த மனிதர் ஊமையாகத்தான் இருப்பார். எனக்கு அவர்மேல் வருத்தம் இல்லை. அந்தத் தோம்பு எவ்வளவு கனம் என்று அவருக்குத்தான் தெரியும்.

இனி நீங்கள்தான் சரிபார்க்க வேண்டும். பம்பு ஈப்போவிலிருந்துதான் வந்ததா, இல்லை தாப்பாவா? லோரி அடர் பச்சை என்று நினைக்கிறேன், நீலம் என்பவர்கள் இருந்தால் சொல்லுங்கள். முக்கியமானது இன்னொன்று. அன்றைக்கு லோரி மேட்டுக்குக் கிளம்பும்போது பெண்களும் பிள்ளைகளும் பின்னால் தொற்றி ஏறினோம். டிரைவர் பக்கத்து இடத்தில் கிராணியும் கங்காணியும் தவிர யாரும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. ஆனால் அன்று அப்பா உள்ளே இருந்து அந்தக் கதவைத் திறந்துவிட, அம்மா எண்ணெய்ப் போத்தலோடு ஏறி முன்னால் உட்கார்ந்தாள் என்று எனக்கு ஞாபகம். பின்னால் இருந்த எனக்கு அவள் கொண்டை மட்டும் கண்ணாடி வழியாகத் தெரிந்தது. அது நிஜமா, என் ஆசையா என்று தெரியவில்லை. அன்றைக்கு என்னோடு பின்னால் நின்று வந்தவர்கள் யாராவது இருந்தால் கொஞ்சம் யோசித்துச் சொல்லுங்கள், அம்மா முன்னால்தானே உட்கார்ந்திருந்தாள்?